யாருடைய கால் அளவு?

குற்றாலச் சாரலைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதியாயிற்று. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரில் தொடங்கி, ரசிகமணி டி.கே.சி.யின் குற்றாலத்து வீட்டில் கூடிக் கவிதை ரசித்தவர்கள் வரை, மலையும் அருவியும் குரங்கும் பலாவும் பாடப்பட்டுவிட்டன. சாரலில் நனைய வருகிறவர்கள் ஒரு வகை. நனைந்துகொண்டே வேலை செய்கிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையினரின் காலில் என்ன இருந்தது, என்ன இருக்கிறது, என்ன இருந்திருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. செருப்பைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரையா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். செருப்பு தைத்த குடும்பத்திலிருந்து வந்தவனுக்கு வரலாறு வேறு எங்கிருந்து தொடங்கும்?

வெளியூர்த் தோழர்களுக்காக மழையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனி மாதத்தில் திருநெல்வேலியில் வெயில் மண்டையைப் பிளக்கும்போது தென்காசியில் கொடியில் போட்ட சட்டை காயாது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விட்டு விட்டுத் தூறிக்கொண்டே இருக்கும். அது ஓய்ந்து ஐப்பசி, கார்த்திகை வந்தால் வடகிழக்குப் பருவமழை. அது தூறல் இல்லை, கொட்டும் மழை. இரண்டிலும் சேராமல் கோடையிலும் வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டு போனது பலருக்கும் நினைவிருக்கும். ஆக, இங்கே வருடத்தில் பாதி நாள் கால் ஈரத்தில்தான். கார் நடவு, பிசான நடவு, தென்னந்தோப்பு, அருவிக்கரை, சாக்கடை, சந்தை என்று எங்கே வேலை என்றாலும் சேற்றுப்புண் உண்டு. விரலிடுக்கு ஊறி வெளுத்துத் தோல் பிரியும். மருதாணியை அரைத்துக் கட்டிக்கொண்டு மறுநாள் அதே சேற்றில் இறங்குவார்கள்.

இந்தக் காலுக்குத் தோல்செருப்பு தைக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரிலேயே இருந்தார்கள். அருந்ததியர். சக்கிலியர் என்று சாதி இந்துக்கள் வாய் நிறையச் சொன்ன பெயரில் எங்களைத் தெரியும். செத்த மாட்டைத் தூக்க வேண்டும், உரிக்க வேண்டும், சுண்ணாம்பில் ஊறப்போட்டு மயிர் நீக்க வேண்டும், ஆவாரம்பட்டைச் சாற்றில் பதப்படுத்த வேண்டும். கமலைக்குத் தோல் தைக்க வேண்டும், வண்டி மாட்டுக்கு வார் அறுக்க வேண்டும், சம்சாரிக்குச் செருப்பு தைக்க வேண்டும். கூலி அறுப்புக் களத்தில், நெல்லாக. அந்த நெல்லும் தூற்றி மிஞ்சியதாக இருக்கும்.

எங்கள் அவ்வா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சம்சாரி மண்ணுல ஒரு மிதி மிதிச்சிட்டுப் போவாரு. அந்தத் தடத்த ஒங்க தாத்தா ஓலையால அளந்துக்கிடணும். கால தொட்டு அளக்கக் கூடாதுல்லா. தச்சு முடிச்சா செருப்பத் துண்டுல சுத்தித் தலையில வச்சுக் கொண்டு போவாக. சரியா இருக்கான்னு பாக்க, தாத்தா தன் கால நுழைச்சுப் பாத்துரக் கூடாது. பாத்தா அந்தச் செருப்பு தீட்டு."

நான் இதைச் சிறு வயதில் கேட்டபோது தடத்தை ஓலையால் அளக்கும் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமைப்பட்டேன். இப்போது யோசிக்கும்போது வேறு ஒன்று தெரிகிறது. மாட்டைத் தொட்ட கை, தோலைத் தொட்ட கை, செருப்பைத் தொட்ட கை, காலைத் தொடக் கூடாது. கால் நுழைந்தால் தோல் தீட்டாகிறது. தோலில் தீட்டு இல்லை, தோலுக்குள் நுழையும் காலில்தான் இருக்கிறது. தோல்தொழில் செய்வதால் தீண்டாமை வந்தது என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொடுத்த காரணம் இந்த இடத்தில் உதிர்ந்து போகிறது. அந்தத் தோலை மிதித்து நடந்தவருக்கு ஏன் தீட்டு வரவில்லை?

செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர்த்தெருவைக் கடந்த கதை தமிழ்நாட்டுச் சேரிகளில் எல்லா வீட்டிலும் இருக்கும். அது வெறும் வழக்கமாக மட்டும் இருக்கவில்லை, சில இடங்களில் எழுதாத சட்டமாகவே பிரகடனம் செய்யப்பட்டது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் தலித்துகள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். நகை போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, சட்டை கூடாது என்று போகும் அந்தப் பட்டியலில், ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது என்பதும் ஒன்று. மீறினவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. 1931இல் தடைகள் பதினொன்றாயின. அன்றைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஹட்டன், சாதி பற்றிய தன் புத்தகத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார். குடையும் செருப்பும் ஒரே தடையில் வருவதை நான் பல முறை படித்துப் பார்த்திருக்கிறேன். தடை போட்டவர்களுக்கு உடம்பு நன்றாகவே தெரிந்திருக்கிறது. மேலே நனைய வேண்டும், கீழே புண்ணாக வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. அதற்கு முந்தைய பத்தாண்டில், 1920களில், ராக்பெல்லர் நிறுவனம் சென்னை மாகாணத்தில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை செய்துகொண்டிருந்தது. கொக்கிப்புழு வெறுங்காலின் வழியாக உடம்புக்குள் ஏறும் புழு. ஈர மண்ணில் அதன் குஞ்சு காத்திருக்கும், தோலைத் துளைத்து நுழையும், குடலில் போய் உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். சோகை பிடித்து வெளிறிப்போவதைச் சோம்பல் என்பார்கள். கக்கூசும் காலில் செருப்பும் இருந்தால் அது ஏறாது. மருத்துவம் ஒரு பக்கம் காலை மூடச் சொல்ல, சாதி இன்னொரு பக்கம் காலைத் திறக்கச் சொன்னது. எது வென்றது என்பது நம் பாட்டிமார்களின் வெளிறிய நகங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பக்தி இலக்கியத்தில் செருப்புக்கு இருக்கும் மரியாதையையும் சொல்லாமல் விட முடியாது. பதினான்கு வருஷம் அயோத்தியை ஆண்டது ஒரு ஜோடிப் பாதுகை. கண்ணப்பன் செருப்புக் காலால் லிங்கத்தின் தலையைத் தொட்டது பெரியபுராணத்தில் அன்பின் உச்சம். காவியத்துக்குள் இருக்கிற வேடன் எதையும் மிதிக்கலாம். காவியத்துக்கு வெளியே தென்காசிக் கோபுரத்தை ஏறிட்டுப் பார்த்தபடி நின்றவன் தேரோடும் தெருவில்கூட மிதிக்க முடியாது.

சரி, தோலுக்கு வருகிறேன். தைத்த செருப்பைப் போட்டுக்கொள்ள அனுமதி இருந்திருந்தால்கூட இந்த ஊர் மழைக்கு அது தாங்கியிருக்குமா? இங்கேதான் தொழில்நுட்பம் வருகிறது, இதில் நம்முடைய எழுத்தாளர்கள் அவ்வளவாகக் கை வைப்பதில்லை. ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய தோல் நல்ல தோல். உறுதி உண்டு, நாள்பட்டால் பாதத்துக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். ஆனால் தொடர்ந்து நனைந்தால் பட்டைச் சாறு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறும். காயும்போது விறைத்துப் பலகையாகும், பிறகு வெடிக்கும். அதனால்தான் புங்க எண்ணெய், விளக்கெண்ணெய் என்று தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் காய வைத்தால் அந்தச் செருப்பு அன்றோடு சரி.

கமலைத் தோலுக்கும் இதே கதிதான். நாள் முழுக்கக் கிணற்றுக்குள் இறங்கி ஏறும் தோல் சீக்கிரம் அழுகிப்போகும். சென்னையில் பொறியியல் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் குரோம் உப்பால் தோல் பதப்படுத்தும் முறையை இங்கே பரிசோதித்தபோது, முதலில் அவர் கண்ணில் பட்டது இந்தக் கமலைத் தோல்தான். குரோம் தோலின் நாரோடு இறுகப் பிணைந்துகொள்கிறது, தண்ணீர் அதை லேசில் பிரிப்பதில்லை. பிறகு அந்தத் தோலில் செருப்பும் பூட்ஸும் செய்தார்கள். அரசாங்கம் தொழில் நடத்தக் கூடாது என்று ஐரோப்பிய வியாபாரிகள் கூச்சல் போட்டார்கள். 1910இல் லண்டனில் மந்திரியாக இருந்த மார்லி அவர்கள் பக்கம் சாய்ந்தார். மழைக்குத் தாங்கும் தோல் கமலைக்குப் போயிற்று, பூட்ஸுக்குப் போயிற்று. அந்தத் தோலைக் கையாண்ட கைகளின் சொந்தக் கால்களுக்கு வந்து சேரவில்லை.

முதல் உலகப்போரில் நடந்ததையும் பாருங்கள். ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய சென்னை மாட்டுத்தோலுக்கு இங்கிலாந்தில் ஏற்கனவே மதிப்பு உண்டு. 1916 முதல் அந்தத் தோலை அரசாங்கமே மொத்தமாக எடுத்துக்கொண்டது, ராணுவ பூட்ஸின் மேல்தோலுக்காக. பிரான்ஸ் நாட்டுப் பதுங்குகுழிச் சேற்றில் நின்ற பிரிட்டிஷ் சிப்பாயின் காலைக் காத்ததில் நம் சேரிகளில் உரித்த தோலும் இருந்திருக்கும். அந்தச் சிப்பாய்க்கும் கால் அழுகத்தான் செய்தது, பதுங்குகுழிக் கால் என்று மருத்துவர்கள் அதற்குப் பெயரே வைத்தார்கள். நம் சேற்றுப்புண்ணுக்கு அத்தனை மருத்துவர்கள் வரவில்லை.

அறுபது எழுபதுகளில் லாரி டயர் வந்தது. தேய்ந்த டயரை அறுத்து அடிப்பாகம், டியூபை அறுத்து வார். எங்கள் சித்தப்பா தென்காசியில் ரோட்டோரம் குத்தூசியோடு உட்கார்ந்து தைத்தவர். டயர் செருப்பு நனையும், ஆனால் ஊறாது. பாறையிலும் வரப்பிலும் பிடிப்பு உண்டு. கனம் அதிகம், குதிகாலை அறுக்கும். ஆனாலும் எங்கள் தெருவில் முதல்முதலாக எல்லாருடைய காலிலும் ஏறிய செருப்பு அதுதான். அதற்குள் ஊர்த்தெருவில் போட்டுக்கொண்டு நடக்கும் சண்டையையும் ஒரு தலைமுறை போட்டு முடித்திருந்தது. முடிந்ததா என்பது வேறு கேள்வி. பிறகு ரப்பர் செருப்பு வந்து டயர் செருப்பையும் சித்தப்பாவையும் சேர்த்து ஓரங்கட்டியது. மழையில் அது முதுகு வரைக்கும் சேறு தெளிக்கும். ஈரப்பாறையில் வழுக்கும். ஆனால் விலை மலிவு.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது 1950இல். தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989. அந்தச் சட்டத்துக்கு 2015இல் கொண்டுவந்து 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் செருப்பு இரண்டு இடத்தில் வருகிறது. ஒரு தலித்துக்குச் செருப்பு மாலை போடுவது குற்றம். பொது இடத்தில் ஒரு தலித் செருப்பு அணிவதைத் தடுப்பதும் குற்றம். குடியரசு அறுபத்தைந்து வருஷம் ஆன பிறகு, செருப்பைக் கழுத்தில் போடக் கூடாது, காலில் போடுவதைத் தடுக்கக் கூடாது என்று நாடாளுமன்றம் உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது.

போடும் உரிமை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எதைப் போடுவது என்று தீர்மானிக்கும் உரிமை?

சீசன் நாட்களில் அருவிக்கரையை விடியற்காலையில் பார்க்க வேண்டும். முதல் நாள் வந்து போன கூட்டத்தின் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பாக்கெட், பிரியாணிப் பொட்டலம், கழற்றிப் போட்ட உள்ளாடை, உடைந்த பாட்டில். அதைக் கூட்டி அள்ளுகிறவர்களில் பெரும்பாலோர் எங்கள் ஆட்கள், அதிலும் பெண்கள். தோல் தொழில் போனது, துப்புரவு ஒட்டிக்கொண்டது. அவர்களுக்குச் சட்டப்படி எல்லாமே உண்டு. மனிதக் கழிவை அகற்றுவோர் சட்டம் 2013. அதன் விதிகளில் உள்ள பாதுகாப்புச் சாமான் பட்டியலில் கம்பூட்டும் மழைக்கோட்டும் இருக்கின்றன. 2016இல் வந்த திடக்கழிவு விதிகளும் தொழிலாளர்களுக்குச் சீருடை, கையுறை, மழைக்கோட்டு, தகுந்த காலணி தரச் சொல்லின. 'தகுந்த' என்றால் யாருக்குத் தகுந்தது?

இந்தப் பக்கத்து உள்ளாட்சி ஒன்றில் வேலை செய்யும் என் அத்தை மகள் சொன்னாள்: "பூட்டு குடுத்தாக. எல்லாம் ஒம்பதாம் நம்பரு. எனக்கு நாலு. உள்ள துணியத் திணிச்சுப் போட்டேன். ஓடைக்குள்ள எறங்குனா தண்ணி மேல வழியா உள்ள போயிருது, வெளிய வர மாட்டேங்குது. கால் ரெண்டும் குடமாக் கனக்கு. அந்தாக்ல கழட்டிப் போட்டுட்டு வெறுங்காலோட எறங்கிட்டோம்." அன்றைக்குப் படம் எடுக்க அதிகாரி வந்தபோது மட்டும் எல்லாரும் பூட்ஸ் போட்டு நின்றார்களாம். படம் பேப்பரில் வந்தது. கொடுத்தாலும் போட மாட்டேன் என்கிறார்கள், பழக்கம் இல்லை என்று அந்த அதிகாரி சொன்னதும் சேர்ந்து வந்தது. நூறு வருஷம் போடாதே என்று சொல்லிவிட்டு இப்போது பழக்கமில்லை என்று நம் மேலேயே பழி.

பழக்கம் இல்லை என்பதில் ஒரு உண்மை இருக்கிறது, ஆனால் அது அதிகாரி சொன்ன அர்த்தத்தில் இல்லை. சிறு வயது முதல் வெறுங்காலில் நடந்த பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும், விரல்கள் விசிறி மாதிரி பரந்திருக்கும். கடைப் பூட்ஸ் செய்யும் கட்டை குறுகலானது. நீளத்துக்குச் சரியாக இருந்தால் அகலத்தில் நெரிக்கும், அகலத்துக்கு எடுத்தால் நீளத்தில் குதிகால் உள்ளே ஓடும். நாம் இன்று வரைக்கும் பயன்படுத்தும் நம்பர்கள் வெள்ளைக்காரன் விட்டுப்போன அளவு. சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. இந்தியர் பாதம் ஐரோப்பியர் பாதத்தைவிட அகலம் என்று முடிவு சொல்லி, 'பா' என்ற பெயரில் புதிய அளவுமுறையைப் பரிந்துரைத்திருக்கிறது. என் தாத்தா ஓலையை வைத்துக் கண்டுபிடித்ததைத்தான் கருவி வைத்து அளந்திருக்கிறார்கள் என்று கேலி செய்யலாம். நான் கேலி செய்ய மாட்டேன். யாருடைய பாதம் அளவாக எடுத்துக்கொள்ளப்படுகிறது என்பது அரசியல்.

சித்தப்பாவிடம் கேட்டு, கடைகளில் ஏறி இறங்கி, நாங்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டோம். தொழிற்சங்கத் தோழர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். பூட்ஸ் அளவு பார்ப்பதைச் சாயங்காலம், வேலை முடிந்து கால் வீங்கியிருக்கும்போது செய்ய வேண்டும். காலையில் சரியாக இருப்பது மாலையில் கடிக்கும். இரண்டு காலையும் அளக்க வேண்டும், பெரிய காலுக்குத்தான் எடுக்க வேண்டும். முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், குதிகால் தூக்கக் கூடாது. சாக்கடைக்கும் வெள்ளத் தண்ணீருக்கும் ரப்பர் கம்பூட்தான், தோல் ஆகாது. ஆனால் தண்ணீரின் ஆழம் பூட்ஸின் உயரத்தைத் தாண்டினால் அது பாதுகாப்பு இல்லை, சுமை. கூட்டுவது, வண்டி தள்ளுவது, அருவிக்கரைப் பாறையில் நிற்பது என்றால் கணுக்கால் வரை உள்ள குரோம் தோல் பூட்ஸ் நல்லது, அடிப்பாகம் மென்மையான ரப்பரில், ஆழமான பள்ளங்களோடு. மலிவான பி.வி.சி. அடி குளிர்ந்தால் இறுகி வழுக்கும். பாலியூரித்தேன் அடி லேசாக, சொகுசாக இருக்கும். ஆனால் ஈரக்காற்றில் வருஷக்கணக்காகக் குடோனில் கிடந்தால் போட்ட அன்றே பிஸ்கட்டாக உதிரும். டெண்டரில் மொத்தமாக வாங்கி அடுக்கி வைக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அடிப்பாகம் ஒட்டியதா, தைத்ததா என்று சித்தப்பா முதலில் திருப்பித்தான் பார்ப்பார். "ஒட்டுனது சாரலுக்கு வாயத் தொறந்துரும்லே" என்பார்.

ஒரு ஜோடி போதாது. இன்றைக்கு நனைந்தது நாளைக்குக் காயாது, ஈர பூட்ஸுக்குள் மறுபடியும் கால் போனால் வெறுங்காலைவிட மோசம். இரண்டு ஜோடி வேண்டும், மாற்ற உறைகள் வேண்டும். கழற்றியதும் உள்ளே பழைய பேப்பரைத் திணித்து நிழலில் காய வைக்க வேண்டும். கழற்றிக் கால் கழுவ ஒரு இடமும் வேண்டும், அது இல்லாமல்தான் பல பேர் ஈரக்காலோடு பஸ் ஏறுகிறார்கள். டீக்கடை பெஞ்சில் அந்தக் காலைப் பார்த்து ஒதுங்கி உட்காருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

போன சாரலுக்கு முன்னால் அத்தை மகளும் அவளோடு வேலை செய்கிறவர்களும் ஒரு காரியம் செய்தார்கள். சித்தப்பா வந்தார், இப்போது அவருக்குக் கண் சரியில்லை. பெண்கள் ஒவ்வொருவராகப் பழைய அட்டையில் நின்றார்கள். பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, நீளமும் முன்பாத அகலமும் எழுதினோம். காலைப் பிடித்து நிறுத்தித்தான் அளந்தார் அவர். மூன்று, நாலு, ஐந்து நம்பர்களில்தான் பெரும்பாலோர். ஒன்பது ஒருவருக்கும் இல்லை. அட்டைகளை மனுவோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தோம். நம்பரை மட்டும் எழுதினால் போதுமே, அட்டை எதற்கு என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அகலம் நம்பரில் வராது என்று அத்தை மகள் சொன்னாள்.